மதினி மீன் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் ராஜனிடமிருந்து போன் வந்தது. ராஜன் என் அண்ணன் மகன், சந்திரா மதினியின் பிள்ளை. "சித்தப்பா, அம்மா எந்திரிக்கல" என்றான். "நல்லா எழுப்பிப் பாருடா" என்றேன். அவன் மறுபடியும் அதையே சொன்னான். "எந்திரிக்கல சித்தப்பா." என் முகத்தைப் பார்த்தே என் மனைவி வசந்தா எழுந்து விளக்கைப் போட்டாள். அணுசக்தி நகரிலிருந்து தாராவிக்கு டாக்ஸியில் போனோம். சந்து முனையில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பையும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றிருந்தார்கள். வேன் இன்னும் வரவில்லையே என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லாமல் அவர்களைத் தாண்டிப் போனேன்.

சந்திரா மதினியை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாராவியிலிருந்து மாட்டுங்கா பள்ளிகளுக்கு இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டியவர். பிள்ளைகள் வேன் ஆன்ட்டி என்றார்கள், அவர்களுடைய அப்பாக்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அந்த வேலை முதலில் என் அண்ணனுடையது. அண்ணன் மஞ்சள்காமாலையில் போனபோது மதினிக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வேனை வாங்க ஆள் வந்தது. மதினி சாவியைக் கொடுக்கவில்லை. "ஓட்டிப் பழகுதேன்" என்றார். மூன்று மாதத்தில் லைசென்ஸ் எடுத்தார். பள்ளி வாசலில் மற்ற வேன்காரர்கள் சிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து, அவர்களுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவர்கள் வண்டிப் பிள்ளைகளையும் மதினிதான் ஏற்றிப் போனார்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நம் குடியிருப்புச் சங்கத்தார் கேட்டார்கள். முதலில் நான் எழுதியதில் மேலே உள்ளது மட்டும் இருந்தது, கூடவே சேவை, உழைப்பு, தியாகம் என்று சில சொற்களும். என் மகள் பவித்ரா அதை வாங்கிப் படித்தாள். பம்பாயில் பிறந்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். முடிக்க நேரமாயிற்று. "இதுல பெரியம்மாவே இல்லப்பா" என்றாள். பிறகு, "அந்த ஞாயித்துக்கிழமைய எழுதுங்க. நீங்க என்னக் கொண்டுபோய் விட்டதையும் சேத்து எழுதுங்க" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பவித்ராவை அகமதாபாத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை வீட்டார் நம் ஜில்லாக்காரர்கள்தான். அங்கே இரண்டு தலைமுறையாக எண்ணெய் வியாபாரம். கல்யாணமாகி எட்டாவது மாதம் அவள் தனியாக ரயிலேறி வந்து எங்கள் வாசலில் நின்றாள். "இனி அங்க போகல" என்றாள். ஏன் என்று கேட்டால் அழுதாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "சின்ன விஷயம் மாமா, கோவத்துல கெளம்பி வந்துட்டா." நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன். ரயிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அனுசரித்துப் போவதைப் பற்றி விராரில் தொடங்கி வல்சாட் வரை பேசினேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் அவளை விட்டு, காபி குடித்து, கைகூப்பி விடைபெற்று, அடுத்த ரயிலில் திரும்பினேன். திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. இன்றைக்கு என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

மதினியிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. ஏசுவார் என்ற பயம். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், எப்போது போன் பேசினாலும் பவித்ரா நன்றாக இருப்பதாகவே சொன்னாள். நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளிகள் கோடை விடுமுறை விட்ட முதல் வாரம், மதினி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்போது பவித்ராவின் வீடியோ கால் வந்தது. மதினி போனை வாங்கி, "ஏட்டி, சாப்ட்டியா?" என்றார். "சாப்பிட்டேன் பெரியம்மா." "என்ன வச்ச?" "சாம்பார்." அவ்வளவுதான் பேச்சு. மதினி போனை மேஜையில் வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"தம்பி, இவ என்ன, பதில் சொல்லுததுக்கு முன்னால யாரையோ பாக்கா?"

"டிவி ஓடும் மதினி."

"டிவி இல்ல, ஆளு. சாப்ட்டியான்னு கேட்டா, ஒரு ஆளப் பாத்துட்டுப் பதில் சொல்லுதா. இந்த வேக்காட்டுல முழுக்கைச் சட்ட வேற."

மதினி அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "காலையில பிள்ள வாசல்ல நிக்கிற நெலயப் பாத்தாலே, அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிரும்." ஒரு முறை அவர் வேனில் வந்த நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் தங்கையை எப்போதும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து நிறுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தார். மூன்றாம் நாள் அவள் வகுப்பு டீச்சரை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கே போனார். அங்கே என்ன பேசினார் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. அடுத்த மாதம் அந்த வீட்டில் தங்கியிருந்த மாமன் ஊரைவிட்டே போயிருந்தான்.

அதனால் அன்று நான் மறைக்கவில்லை. அந்தப் பத்து நாளையும் ரயிலையும் சொன்னேன். வசந்தா அழ ஆரம்பித்தாள். மதினி ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ கெளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாளா?"

"இல்ல மதினி. உள்ளேயே நின்னுட்டா."

மதினி தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். "சரி, மீன் பாக்கப் போவோம்" என்றார்.

அகமதாபாத் நகருக்கு வெளியே ஒரு பெரிய மீன்காட்சியகம் இருக்கிறது. தலைக்கு மேல் சுறா நீந்துகிற கண்ணாடிக் குகை உண்டு. வேனில் வரும் ஒரு பிள்ளை போய்வந்து படம் காட்டியிருந்ததாம். நேராகப் பவித்ரா வீட்டுக்கே போனால் என்ன என்று வசந்தா கேட்டாள்.

"வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவா. சொல்லித்தான் ஆவணும் அவளுக்கு. வெளிய, நாலு பேரு நடமாடுத எடத்துல, பட்டப்பகல்ல வச்சுக் கேக்கணும்."

"அவங்க அனுப்பலேன்னா, அக்கா?"

"மீன் பாக்க ஆசப்பட்டு ஒரு கெழவி பம்பாயிலருந்து தானே வண்டி ஓட்டிட்டு வந்திருக்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரமாட்டேம்பாங்க?"

சனிக்கிழமை மதியம் வேனில் கிளம்பினோம். மதினி, நான், வசந்தா. அன்று இரவு வாப்பியில் மதினியின் தம்பி வீட்டில் தங்கினோம். அவர் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கோழிக்குழம்பு வைத்திருந்தார்கள். எனக்கு இறங்கவில்லை. மதினி இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தம்பி மனைவியிடம், "நாளைக்கு ராத்திரியும் வருவோம். நாலு பேருக்குச் சோறு வச்சிரு" என்றார். நாங்கள் மூன்று பேர். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. காலையில் வண்டியில் ஏறியதும், "மதினி, முதல்ல அவகிட்டக் கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"கேக்கத்தானே போறோம். வாரேன்னா ஏத்திக்கிடுவோம். வரலேன்னா மீனப் பாத்துட்டு வருவோம். நீ வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒக்காராத. போற வழியில பெட்ரோல் போடு."

சூரத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, சம்பந்தியம்மாவுக்கு மதினியே போன் போட்டார். முன்னாடியே சொன்னால் ஊரில் இல்லை என்பார்கள் என்பது அவர் கணக்கு. பேச்சு முழுக்க ஒரே சிரிப்பு. "எம்புட்டு நாளா ஆச தெரியுமா சம்பந்தி! உயிரோட சுறாவப் பாத்ததே இல்ல, குழம்புலதான் பாத்திருக்கேன். நீங்க எல்லாரும் வரணும், மாப்பிள்ள, பவி எல்லாரும். ஆங், இன்னொன்னு. அங்க உள்ள விடுததுக்கு ஆதார் ஒரிஜினல் கேக்காங்களாம். எல்லாரும் எடுத்துட்டு வந்துருங்க, பவிக்கும்."

போனை வைத்ததும் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. "அவ கார்டு எவ பீரோவுல கெடக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

போகும் வழியில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். மாப்பிள்ளையோடு நான். சம்பந்தியம்மாவோடு வசந்தா. பவித்ராவோடு மதினி. "அவ்வளவுதான். யாரும் அழக்கூடாது. அழுதா நான் விட்டுட்டுப் போயிருவேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் அவர்கள் கார் வந்தது. பவித்ரா பின் சீட்டிலிருந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். முழுக்கைச் சட்டை. மாமியார் அவள் முன்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பார்ப்பவர்களுக்கு மருமகள் மேல் பிரியமாகத் தெரியும். டிக்கெட் ஜன்னலில் யாரும் ஆதார் கேட்கவில்லை. "கேக்கவே இல்லையே?" என்றார் சம்பந்தியம்மா. பவித்ராவின் கார்டைத் தன் கைப்பைக்குள் போடப் போனார்.

"ஐய, எவனோ போன்ல போட்டிருந்தான் சம்பந்தி, நம்பிட்டேன் பாருங்க!" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே எல்லாக் கார்டுகளையும் எல்லார் கையிலிருந்தும் வாங்கினார். "இங்கன குடுங்க, என் பையில கெடக்கட்டும். கூட்டத்துல தொலஞ்சிரும்." சம்பந்தியம்மா ஒரு கணம் மதினியைப் பார்த்தார். மதினியின் முகத்தில் ஒன்றும் இல்லை. மீன் பார்க்க வந்த ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான். கார்டு மதினியின் பைக்குள் போய்விட்டது.

உள்ளே நுழைந்தால் இருட்டும் நீல வெளிச்சமும். சுவர் சுவராகக் கண்ணாடி, அதற்குள் மீன்கள். நான் ஒரு மீனையும் சரியாகப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை எனக்கும் பவித்ராவுக்கும் நடுவிலேயே நடந்தார். அவள் போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பூப் போட்ட உறை. அதை நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

மதினி ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று உரக்கப் பேச ஆரம்பித்தார். "சம்பந்தி, இது பாறை மீனில்லா! புளி கூட்டிக் கொழம்பு வச்சா ரெண்டு நாளைக்கு வச்சுத் திங்கலாம். ஏ, இவன் என்ன இம்புட்டுக் கொழுத்துக் கெடக்கான்! இவனத் துண்டு போட்டா வாளி நெறையும்." பக்கத்தில் நின்ற குஜராத்திக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. இந்தப் பெண்ணோடு வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றார். அடுத்த தொட்டியில் இன்னும் இரண்டடி. அந்த அவமானத்தில் அவர் பவித்ராவின் கையை விட்டதை அவரே கவனிக்கவில்லை. "முட்டு வலிக்கி அத்தாச்சி, இப்படிச் சித்த ஒக்காருவோம்" என்று வசந்தா அவரை ஒரு பெஞ்சுக்கு அழைத்துப் போனாள்.

கண்ணாடிக் குகையின் தரையில் தானாக நகரும் பட்டை ஒன்று உண்டு. ஏறி நின்றால் அதுவே கொண்டுபோகும். மதினி பவித்ராவின் தோளில் கைபோட்டு அதில் ஏறிவிட்டார். மாப்பிள்ளை பின்னாலேயே போகக் காலெடுத்தார்.

"மாப்ள, இந்தப் படத்த எப்படி எடுக்கது? எல்லாம் கருப்பா விழுது" என்றேன்.

"அப்புறம் காட்டுறேன் மாமா."

"ஒரு நிமிசம் மாப்ள." என் போனை நீட்டினேன். அவர் வாங்கும் முன் அது நழுவிக் கீழே விழுந்து, சறுக்கிக்கொண்டு ஆட்களின் கால்களுக்கு நடுவே போனது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. மாப்பிள்ளை குனிந்து அதைத் தேடி எடுப்பதற்குள் அவர்கள் இருவரும் வளைவைத் தாண்டியிருந்தார்கள். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அது முதலாவது.

குகைக்குள் நடந்ததைப் பவித்ரா பிறகு சொன்னாள். மதினி அவள் முகத்தையே பார்க்கவில்லையாம். மேலே நீந்தும் சுறாவை அண்ணாந்து பார்த்தபடி பேசினாராம்.

"என்னப் பாக்காத. மீனப் பாரு. வேன் வெளிய நிக்கி. ஏறுதியா?"

மதினி அவள் சட்டைக் கையை விரலால் லேசாக மேலே தள்ளிப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார். அங்கே என்ன இருந்தது என்பதை நான் எழுத விரும்பவில்லை. ஒரு நாளில் வந்ததல்ல அது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று பவித்ரா கேட்டாள்.

"ஒங்கப்பன்தான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டான்."

"ஏறுறேன் பெரியம்மா."

நான் எதிர்பார்த்தது அப்போதே ஓடிவிடுவோம் என்று. மதினி ஓடவில்லை. பட்டை முடிகிற இடத்தில் நின்று எங்களுக்குக் கையாட்டினார். அதற்குப் பிறகு முழுதாக முக்கால் மணி நேரம் மீன் பார்த்தார். ஜெல்லி மீன், நண்டு, கடல்குதிரை, பென்குவின், ஒன்றையும் விடவில்லை. "பாதியில போனா கண்ணு உறுத்தும்" என்று என் காதில் மட்டும் சொன்னார். மாப்பிள்ளை மறுபடி பவித்ராவின் பக்கத்துக்கு வந்துவிட்டார். அவள் அவரோடு சேர்ந்து பென்குவினைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசக்கூடச் செய்தாள். அந்த முக்கால் மணி நேரம்போல் நீளமான நேரத்தை நான் வாழ்ந்ததில்லை.

வெளியே பார்க்கிங்கில் வெயில் கொளுத்தியது. மதினி காவலுக்கு நின்ற செக்யூரிட்டிக்காரரிடம் போய், "பையா, ஜரா காடி நிகால்னே மே மதத் கரோ" என்றார். இருபத்தைந்து சீட் வண்டியையும் ஒற்றைக் கையில் ரிவர்ஸ் எடுக்கிறவர். வண்டி எடுக்க உதவி எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. யூனிபார்ம் போட்ட ஓர் ஆள் வேன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

"பவி, நம்ம கார் இந்தப் பக்கம்" என்றார் மாப்பிள்ளை. பவித்ரா இரண்டு விநாடி நின்றாள். பிறகு நேராக நடந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். வசந்தா அவள் பின்னாலேயே ஏறினாள்.

மாப்பிள்ளை வேகமாக வந்து கதவைப் பிடித்தார். குரல் உயரவில்லை. "எறங்கு" என்றார்.

"என்ன சம்பந்தி இது?" என்றார் அவர் அம்மா.

மதினி ஸ்டீயரிங்கிலிருந்தபடி, "பிள்ள ரெண்டு நாளு அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்" என்றார்.

"சொல்லாமக் கொள்ளாம, இது என்ன பழக்கம்?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். அதே மரியாதையான குரல். "மாமா, போன தடவ கோவிச்சுக்கிட்டு வந்தப்ப நீங்களே கொண்டாந்து விட்டீங்க. அதனாலதான் உங்க மேல எனக்கு மதிப்பு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, எறங்கிருவா."

அவர் சொன்னது உண்மை. நான் சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். ஓயாமல் பேசுகிற மதினி அந்த நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பவித்ரா என்னைப் பார்த்தாள். பதில் சொல்வதற்கு முன் யாரையோ பார்க்கிறாள் என்று மதினி சொன்னாரே, அந்தப் பார்வை. இப்போது என்மேல் இருந்தது.

"ஆமா மாப்ள" என்றேன். "நான்தான் கொண்டாந்து விட்டேன். அதனால நானே கூட்டிட்டுப் போறேன். கைய எடுங்க."

"க்யா ஹுவா?" என்று விசாரித்தபடி செக்யூரிட்டிக்காரர் பக்கத்தில் வந்தார். மாப்பிள்ளை கையை எடுத்தார். நான் ஏறியதும் கதவை எப்படிச் சாத்தினேன் என்று நினைவில்லை. காலில் செருப்பு, ஒரு கைப்பை, மதினியின் பையில் ஓர் ஆதார் கார்டு. இவற்றோடுதான் என் மகள் அந்த ஊரைவிட்டு வந்தாள்.

பத்து நிமிடம் கழித்து வசந்தா, "அக்கா, பின்னால அவங்க கார்" என்றாள். எக்ஸ்பிரஸ் சாலையில் அது எங்களை நெருங்கியது, பக்கவாட்டில் வந்தது, ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை ஜன்னலை இறக்கி நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "வேகமாப் போங்க மதினி!" என்று கத்தினேன். முன்பு ஒரு மழைக்காலத்தில், கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பதினோரு பிள்ளைகளோடு வேனைச் சயான் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தி, ஐந்து மணி நேரம் பாட்டுப் பாட வைத்து, தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கியவர் அவர். அன்று சொன்னதையே இப்போதும் சொன்னார். "அவசரப்படுதவன்தான் பிரேக்கத் தேடுவான்." முள் எண்பதைத் தாண்டவில்லை. அந்தக் கார் முன்னால் போய் வழி மறிக்கப் பார்த்தது. மதினி இடது ஓரத்தைவிட்டு அசையவில்லை. ஒரு பெரிய லாரியின் பின்னாலேயே, அதன் நிழலில், ஒட்டிக்கொண்டு போனார்.

சுங்கச்சாவடி தாண்டியதும் நெடுஞ்சாலைப் போலீஸ் ஜீப் ஒன்று நின்றிருந்தது. மதினி வேனை நேராக அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கினார். போலீஸ்காரரிடம் வாப்பிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக முகம் கழுவினார். அந்தக் கார் மெதுவாக ஊர்ந்து வந்தது. ஜீப்பைப் பார்த்தது. சற்றுத் தள்ளி நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனது. மதினி அது கண்ணிலிருந்து மறையும்வரை முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

நர்மதைப் பாலத்தில் ஏறும்போதுதான் பவித்ரா முதல் தடவையாக அழுதாள். வசந்தா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். வாப்பியில் நான்காவது தட்டு தயாராக இருந்தது. பவித்ரா சாப்பிட்டாள். மதினியைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கை விரல்களும் மடங்கியபடியே நின்றுவிட்டன, விரியவில்லை. நான் ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். "எனக்கும் பயம் இருக்குமில்லா தம்பி" என்றார். "அங்கன காட்டுனா பிள்ள ஏறியிருப்பாளா?"

பிறகு நடந்தது வழக்கும் வாய்தாவும். பவித்ராவின் சான்றிதழ்கள் வக்கீல் மூலமாகத் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. இந்த வருடம் விவாகரத்து கிடைத்தது. இப்போது கோபர்கைரனேயில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் சில இரவுகளில் எழுந்து கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் அப்படிச் சொல்லிவிடுகிற ஆளாகத்தான் முன்பு இருந்தேன்.

ஒரு வாய்தா நாளில், கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் நானும் மதினியும் கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான் அவளக் கொண்டுபோய் விட்டதுக்கு நீங்க ஒரு வார்த்த ஏசலையே மதினி?"

"ஏசத்தான் வாயெடுத்தேன். ஒன் மூஞ்சியப் பாத்தேன். நான் ஏச வேண்டியத எல்லாம் நீயே ஏசிக்கிட்டிருந்த." காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். "வண்டி லேட்டா வந்தா பிள்ள அழும். ஆனாலும் ஏறும். வராமலே இருந்துட்டாத்தான் மன்னிக்காது. நீ வந்துட்டேல்லா, அத விடு."

என்னால் விட முடியவில்லை. விடவும் கூடாது என்று நினைக்கிறேன்.

மதினியின் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சிறியது. ஒரு பெண்பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது, அதை யாருக்காகச் சொல்கிறாள் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிற பழக்கம் அது. மதினியின் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, கேன்டீனில் கூட வேலை பார்க்கும் ஒருவர் டீ குடித்தபடி சொன்னார். நாசிக்கில் கட்டிக் கொடுத்த மகள் நேற்றுப் போனில், வந்துவிடட்டுமா என்று கேட்டாளாம். "ரெண்டு நாள்ல சரியாப் போயிரும், பொறுத்துக்கம்மான்னு சொல்லிட்டேன். என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் அவருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அதற்கு முந்தைய ரயிலையும், திரும்பும்போது மனசு லேசாக இருந்ததையும் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் டீயை முடிக்கவில்லை.

"நாசிக்குக்குக் கார்ல எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். 

"நாலு மணி நேரம்" என்றேன். "எந்திரிங்க. நானும் வாரேன்."